சீனப் பழஞ்செதுக்கல்களில் செடிகொடிகளைப் படிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தாமரை செதுக்கிய மூன்று சீனப் பொருட்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, புத்தர் சிலையைத் தாங்கும் மரப்பீடம். சுற்றிலும் தாமரை இதழ்கள். இரண்டாவது, ஒரு படிப்பாளி தன் தூரிகைகளை நிறுத்தி வைத்த மூங்கில் குவளை. அதில் ஒற்றைத் தாமரைத் தண்டு, சற்றே கிழிந்த ஓர் இலை. மூன்றாவது, ஜேட் என்னும் மணிக்கல்லில் செய்த, உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைப் பதக்கம். அதில் ஒரு சின்னப் பையன் தாமரைக் கொடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

மூன்றிலும் பூ ஒன்றுதான், சொல்லும் சேதி வேறு. பீடத்தில் இருப்பது பௌத்தத்தின் தூய்மை. குவளையில் இருப்பது சேற்றில் முளைத்தும் சேறு ஒட்டாத நேர்மையாளனின் குணம். பதக்கத்தில் இருப்பதோ 'வரிசையாகப் பிள்ளைகள் பிறக்கட்டும்' என்ற கலியாண வாழ்த்து. இணையத்தில் கிடைக்கும் 'தாமரை என்றால் தூய்மை, பீச் என்றால் ஆயுள்' வகைப் பட்டியலை வைத்துக்கொண்டு போனால் மூன்றாவது பொருளை முழுக்கத் தப்பாகப் படிப்போம்.

ஆகவே முதலிலேயே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இந்தச் செதுக்கல்களில் பெரும்பாலானவை வாழ்த்துகள். 'பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க' என்று நாம் வாயால் சொல்வதை அவர்கள் கல்லிலும் மரத்திலும் செதுக்கிக் கையில் கொடுத்தார்கள். யார் யாருக்கு, எந்த நாளில் சொன்ன வாழ்த்து என்று தெரிந்தால் செடியின் பொருள் தானாகத் துலங்கும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியைச் சுற்றி வருபவைதான்.

முதல் படி: பூவைப் பார்க்காதீர்கள், பொருளைப் பாருங்கள்

கண் முதலில் பூவுக்குத்தான் போகும். அதைச் சற்று நிறுத்திவைத்து, 'இது எதற்கான பொருள்?' என்று கேளுங்கள்.

தூரிகைக் குவளை, மணிக்கட்டுத் தாங்கி, மை தேய்க்கும் மைக்கல், மைக்கல்லுக்குத் தண்ணீர் விடும் சிறு கிண்ணம், காகிதத்தின் மேல் வைக்கும் பாரம் ஆகியவை படிப்பாளியின் மேசையைச் சேர்ந்தவை. எழுதும்போது கை கீழே உள்ள ஈர மையில் படாமல் இருக்க, நீளவாக்கில் பிளந்த மூங்கில் துண்டின் மேல் மணிக்கட்டை வைத்துக்கொள்வார்கள். அதுதான் மணிக்கட்டுத் தாங்கி. இவற்றில் வரும் செடிகள் பெரும்பாலும் குணத்தைப் பேசும். இல்லாவிட்டால் தேர்வில் தேற வேண்டும் என்ற ஆசையைப் பேசும். அரசுப் பதவிக்கான தேர்வுமுறை 1905-இல் ஒழிக்கப்படும் வரை ஒரு குடும்பம் மேலே வருவதற்கு அதுவே பெருவழியாக இருந்தது. சீன அலங்காரத்தின் பெரும்பகுதி அந்தத் தேர்வையே நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது இந்தத் துறைக்குள் வந்த பிறகுதான் புரியும்.

கட்டில் பலகை, சீதனப் பெட்டி, இடுப்பில் தொங்கவிடும் பதக்கம் ஆகியவை கலியாணத்தையும் பிள்ளைப்பேற்றையும் பேசும். தட்டு, மூடிபோட்ட உருண்டைப் பெட்டி, ருயி எனப்படும் வளைந்த தலைக் கோல் ஆகியவை பிறந்தநாளிலும் புத்தாண்டிலும் கைமாறிய பரிசுகள். வயதானவர்களுக்குக் கொடுத்ததால் அவற்றில் ஆயுள் வாழ்த்து மிகுதி. ருயி என்ற பெயருக்கே 'நினைத்தபடி' என்று பொருள். அதனால் ஒரு பொருளில் ருயி வடிவம் எங்கே வந்தாலும் வாழ்த்தின் முடிவில் 'நினைத்தபடியே நடக்கட்டும்' என்று சேர்த்துப் படிக்கலாம்.

இரண்டாம் படி: செடி எது என்று உறுதி செய்யுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நிறமில்லாத கல்லிலும் மரத்திலும் பூவை இதழை மட்டும் வைத்து அடையாளம் காண முடியாது. இலையைப் பாருங்கள், தண்டைப் பாருங்கள், பிறகு பூவுக்கு வாருங்கள்.

தாமரையும் பியோனியும்: தாமரையின் இதழ் வழவழப்பாக, நுனி கூராக இருக்கும். இலை வட்டமாக, ஓரம் அலையலையாக, நரம்புகள் நடுவிலிருந்து நாற்புறமும் ஓடும். துளைத்துளையாக விதைக்காய் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். பியோனி அப்படி இல்லை. அடுக்கடுக்காக நெருங்கிய இதழ்கள், ஒவ்வொன்றின் ஓரமும் நெளிநெளியாக வெட்டுப்பட்டது போல இருக்கும். இலை ஆழமாகப் பிளந்து மூன்று கூறாக நிற்கும்.

சாமந்தி நமக்குப் பழக்கமான பூ. நடுவிலிருந்து ஒடுங்கிய இதழ்கள் கதிர்போலப் பிரியும்.

பிளம் பூவையும் பீச் பூவையும் பிரிப்பதுதான் கடினம். இரண்டுக்கும் ஐந்து இதழ். பிளம் குளிர்காலத்தின் கடைசியில், இலை விடுமுன்னரே பூக்கும். அதனால் முடிச்சு முடிச்சாக வளைந்த மொட்டைக் கிளையில் வட்ட இதழ்ப் பூக்கள் இருந்தால் அது பிளம். கிளையில் நீண்ட இலைகளும் இருந்து, இதழ் நுனி கூராகவும் இருந்தால் பீச் என்று பார்க்கலாம்.

ஆர்க்கிட்டும் நார்சிசஸும்: நீளமாகப் புல் போல வளைந்து விழும் இலைகளுக்கு நடுவே ஒன்றிரண்டு மெல்லிய பூக்கள் இருந்தால் ஆர்க்கிட். பட்டையான இலைகள் நிமிர்ந்து நின்று, அடியில் வெங்காயம் போன்ற கிழங்கு தெரிந்து, ஆறு இதழ்ப் பூவின் நடுவே சிறு கிண்ணம் இருந்தால் நார்சிசஸ். பெரும்பாலும் அது ஒரு பாறையின் அருகிலோ தண்ணீர்த் தட்டிலோ இருக்கும்.

பழங்களில் பீச்சுக்குக் கூர்நுனியும் பக்கவாட்டில் ஒரு பள்ளக் கோடும் உண்டு. மாதுளைக்குத் தலையில் கிரீடம் உண்டு. செதுக்குபவர்கள் பெரும்பாலும் அதைப் பிளந்து உள்ளே முத்துகளைக் காட்டுவார்கள். விதை தெரியாவிட்டால் வாழ்த்தே இல்லையே. விரல் விரலாகப் பிரிந்து நிற்கும் நாரத்தை வகைப் பழம் 'புத்தர் கை'. பெர்சிமன் சப்பையான உருண்டை, மேலே நான்கு கூறான காம்பிலை. நடுவில் இடுப்பு ஒடுங்கிய காய் நம் சுரைக்காயேதான். அந்த இனத்தின் இரட்டைக் குடுக்கை வகை.

இவை எதிலும் சேராமல் சிறுநீரக வடிவத் தொப்பியும் வளைந்த காம்பும் கொண்டு, தொப்பியின் மேல் வளைய வளையமாகக் கோடுகள் இருந்தால் அது லிங்ஜி. உண்மையில் இது செடி அல்ல, மரத்தில் வளரும் காளான். ஆனால் சாகாவரம் தரும் மூலிகை என்று சீனத்தின் தாவோ சமய மரபு அதைக் கொண்டாடியதால் செடிகளுக்கு நடுவே அதற்குத் தனி இடம். ருயி கோலின் தலைகூட மிகப் பல சமயம் லிங்ஜியின் வடிவில்தான் இருக்கும்.

மூன்றாம் படி: பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

என்னைக் கேட்டால், இந்தக் கலையின் இன்பம் முழுவதும் இந்தப் படியில்தான் இருக்கிறது. சீன மொழியில் ஓசையில் ஒத்த சொற்கள் ஏராளம். ஒரு பொருளைச் செதுக்கி, அதே ஓசை கொண்ட வேறொரு சொல்லை நினைவூட்டுவது அவர்கள் வழக்கம். கல்லில் செய்த சிலேடை என்றே சொல்லலாம். அதனால் ஒரு செதுக்கலில் உள்ள எல்லா உருப்படிகளையும் வரிசையாகப் பெயர் சொல்லிப் பாருங்கள். பூ, பூச்சி, பறவை, பாறை, ஜாடி எதையும் விடாதீர்கள். பெயர்கள் சேர்ந்து ஒரு வாக்கியமாகும்.

தாமரையிலிருந்தே தொடங்கலாம். அதற்கு 'லியன்' என்று பெயர். தொடர்ச்சி என்பதற்கும் அதே ஓசை. மீன் 'யூ', உபரி என்பதற்கும் 'யூ'. தாமரைக் குளத்தில் மீன் நீந்தினால் 'ஆண்டுதோறும் மிச்சம் இருக்கட்டும்' என்று அர்த்தம். அதே தாமரைக்குப் பக்கத்தில் கொக்கு நின்றால் சேதி மாறிவிடும். கொக்கு 'லூ', பாதை என்பதும் 'லூ'. 'போகும் வழியெல்லாம் அடுத்தடுத்துத் தேர்வில் வெற்றி' என்று அது ஒரு மாணவனுக்கான வாழ்த்தாகிறது. பதக்கத்தில் தாமரையோடு பையன் இருந்தால் 'தொடர்ந்து பிள்ளைகள்'. தாமரை மாறவில்லை, பக்கத்தில் இருப்பவர்தான் மாறினார்.

பிளம் 'மெய்', புருவமும் 'மெய்'. பிளம் கிளையின் நுனியில் மேக்பை பறவை உட்கார்ந்திருந்தால் 'மகிழ்ச்சி புருவ நுனி வரை' என்று படிப்பார்கள், ஏனென்றால் மேக்பையின் பெயரிலேயே மகிழ்ச்சி என்ற சொல் இருக்கிறது. பிளம்முக்கு ஐந்து இதழ் இருப்பதால் ஐந்து பேறுகள் என்ற இன்னொரு பொருளும் உண்டு.

சுரைக்காய் 'ஹுலு'. பேற்றையும் பதவியையும் சேர்த்துச் சொல்லும் 'ஃபுலு'வுக்கு நெருங்கிய ஓசை. காயை விடக் கொடி முக்கியம். கொடியின் பெயர் ஓசையில் 'பத்தாயிரம் தலைமுறை' என்ற தொடரை நினைவூட்டும். பெரிய காய், சின்னக் காய், பிஞ்சு என்று ஒரே கொடியில் காய்த்துத் தொங்கினால் குடும்பம் அறாமல் நீளட்டும் என்று அர்த்தம். இதற்கு ஓசை மட்டும் காரணமல்ல. சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகையான ஷிஜிங்கிலேயே, இடைவிடாமல் படரும் கொடியின் பெருங்காய் சிறுகாய்களாகக் குலம் தழைப்பது பாடப்பட்டிருக்கிறது. அந்தப் பாடலில் பிஞ்சுக்கு 'தியெ' என்று பெயர். பட்டாம்பூச்சியும் 'தியெ'தான். சுரைக்கொடியிலும் பூசணிக்கொடியிலும் பட்டாம்பூச்சி உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

அந்தப் பட்டாம்பூச்சியே பூனையோடு வந்தால் வேறு கதை. பூனையும் பட்டாம்பூச்சியும் சேர்ந்து 'மாவ்தியெ', அதாவது எழுபது எண்பது தாண்டிய முதுமை. பக்கத்தில் பியோனியும் இருந்தால் அது செல்வமும் மதிப்பும். மூன்றையும் சேர்த்துப் படித்தால் 'முதுமை வரை செல்வத்தோடும் சிறப்போடும் வாழ்க'. பூவின் அருகே பூச்சியை வேடிக்கை பார்க்கும் பூனை என்று கடந்து போகக்கூடிய காட்சி, பெரியவர் ஒருவரின் பிறந்தநாள் பரிசாகிவிடுகிறது.

இன்னும் சில சேர்க்கைகளை மட்டும் சொல்கிறேன், அடிக்கடி கண்ணில் படுபவை. பீச், மாதுளை, புத்தர் கை மூன்றும் சேர்ந்தால் 'மூன்று நிறைவுகள்': ஆயுள், பிள்ளைகள், பேறு. புத்தர் கையின் பெயரான 'ஃபோஷோ', பேறு என்னும் 'ஃபு', ஆயுள் என்னும் 'ஷோ' இரண்டையும் ஒலிக்கும். காடையும் சாமந்தியும் சேர்ந்தால் 'அமைதியான இருப்பிடம்'; கீழே உதிர்ந்த இலைகளும் கிடந்தால் 'தொழிலில் மகிழ்ச்சி' என்பதும் சேரும். இரண்டு பெர்சிமன் பழங்களும் ஒரு ருயியும் இருந்தால் 'காரியம் எல்லாம் நினைத்தபடி'. மக்னோலியா, காட்டாப்பிள் பூ, பியோனி மூன்றும் ஒரே கொத்தில் இருந்தால் 'ஜேட் மாளிகையில் செல்வமும் மதிப்பும்'. லிங்ஜி, நார்சிசஸ், மூங்கில், பாறை நான்கும் இருந்தால் 'தேவர்கள் ஆயுளை வாழ்த்துகிறார்கள்'; மூங்கிலின் 'ஜூ' வாழ்த்து என்ற சொல்லின் ஓசை, பாறை ஆயுளின் அடையாளம்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள வாசகர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அங்கே குடியேறிய சீனர்களில் பலர் ஹொக்கியன், தியோச்சூ, கண்டோனீஸ் பேசுபவர்கள். பொதுச் சீனமான மண்டரினில் ஓசை பொருந்தாத சிலேடை ஹொக்கியனில் பொருந்தும். அன்னாசி இதற்கு நல்ல உதாரணம். ஹொக்கியனில் அதன் பெயர் 'ஒங் லாய்', 'செழிப்பு வருகிறது' என்பதன் ஓசை. பெய்ஜிங் அரண்மனைப் பொருட்களை வைத்து எழுதிய பட்டியலில் இதைத் தேடினால் கிடைக்காது.

நான்காம் படி: ஓசைக்குப் பின்னால் இருக்கும் மனிதர்கள்

எல்லாமே சிலேடை அல்ல. படிப்பாளியின் மேசையில் இருக்கும் செடிகள் பலவற்றுக்குப் பின்னால் ஒரு மனிதரோ ஒரு வாசகமோ இருக்கும். அது தெரியாவிட்டால் மூங்கில் வெறும் மூங்கில்தான்.

சோங் அரச மரபுக் காலச் சிந்தனையாளர் ஜோ துன்யி (1017–1073) தாமரையைப் பற்றி எழுதிய சிறு கட்டுரையில் சாமந்தியை ஒதுங்கி வாழ்பவர் என்றும், பியோனியைச் செல்வச் சீமான் என்றும், தாமரையைச் சான்றோர் என்றும் வகுத்தார். பிற்காலச் செதுக்கல்கள் அந்த வகுப்பை விடாமல் பின்பற்றின. சாமந்திக்கு ஒதுங்கிய வாழ்வு என்ற பொருள் வந்ததற்குக் காரணம், அரசுப் பதவியை விட்டு ஊருக்குத் திரும்பிச் சாமந்தி வளர்த்த கவிஞர் தாவ் யுவான்மிங். ஒரு கிழவர் வேலியோரம் சாமந்தியோடு நிற்கும் செதுக்கல் இருந்தால் பெரும்பாலும் அவர்தான். பிளம் மரமும் கொக்கைப் போன்ற பெரிய பறவையும் ஒரு மனிதரோடு இருந்தால் ஹாங்ஜோவின் மேற்கு ஏரிக்கரையில் தனியே வாழ்ந்த லின் பு. 'பிளம்மே மனைவி, நாரைகளே பிள்ளைகள்' என்று அவரைச் சொல்வார்கள்.

பைன், மூங்கில், பிளம் மூன்றும் 'குளிர்காலத்தின் மூன்று நண்பர்கள்'. பனியிலும் இரண்டு பச்சையாக நிற்கின்றன, மூன்றாவது பூக்கிறது. ஆண்டு குளிர்ந்த பிறகுதான் பைனும் சைப்ரஸும் கடைசியில் வாடுபவை என்று தெரியவரும் என்று கன்ஃபூசியஸ் சொன்னது இதற்கு அடிப்படை. பிளம், ஆர்க்கிட், மூங்கில், சாமந்தி நான்கும் சேர்ந்தால் 'நான்கு சான்றோர்'. மூங்கிலின் கணுவுக்கும் நேர்மைக்கும் சீனத்தில் ஒரே சொல், உள்ளே வெற்றிடமாக இருப்பது பணிவு. நான்கில் ஒன்று மட்டும் இருந்தாலும் மற்ற மூன்றும் நினைவில் வரும் அளவுக்கு இது பழகிய தொகுப்பு.

மூங்கிலைப் பற்றிப் பேசும்போது ஷாங்காய்க்கு அருகே உள்ள ஜியாடிங்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. மிங் அரச மரபின் காலத்தில் (1368–1644) ஜூ ஹெ, அவர் மகன் ஜூ யிங், பேரன் ஜூ ஜிஜெங் என்று மூன்று தலைமுறை அங்கே மூங்கில் செதுக்கலைப் படிப்பாளிகளின் கலையாக உயர்த்தியது. விலையில்லாத ஒரு தண்டில் மலையும் மரமும் ஆட்களும் ஆழ ஆழமாக எழுந்து நிற்கும். தங்கத்தையும் ஜேட்டையும் விட இந்த மூங்கில் துண்டுகளிடமே நான் அதிக நேரம் நிற்பேன். புதியவர்களுக்கும் அதையே சொல்வேன். நிறமோ பளபளப்போ கண்ணைத் திசைதிருப்பாது, வெட்டு மட்டுமே தெரியும்.

ஐந்தாம் படி: செடி சொல்லும் வயதும் பொருள் சொல்லும் வயதும்

வடிவத்தின் அர்த்தம் பிடிபட்ட பிறகு காலத்தைப் பாருங்கள். செடியே சில சமயம் சாட்சி சொல்லும். நிலக்கடலையும் சோளமும் அன்னாசியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 16-ஆம் நூற்றாண்டுக்கு முன் சீனத்தில் இல்லை. நிலக்கடலை செதுக்கிய ஒன்றை 'சோங் காலத்து ஜேட்' என்று யாராவது நீட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். மூக்குப்பொடிக் குப்பி, மிங்குக்கு அடுத்து வந்த சிங் அரச மரபுக் காலத்து (1644–1912) வழக்கம். மிங் காலத்துக் குப்பி என்றால் சந்தேகப்படுங்கள்.

ஜேட்டில் இரண்டு கற்கள் உண்டு. பழங்காலம் முதல் சீனர்கள் போற்றியது நெஃப்ரைட். அதன் சிறந்த வெள்ளை வகை சின்ஜியாங்கின் ஹோத்தான் பகுதி ஆறுகளிலிருந்து வந்தது. பச்சைப்பசேல் என்று ஒளிரும் ஜேடைட் பர்மாவிலிருந்து பெருமளவில் வரத் தொடங்கியது 18-ஆம் நூற்றாண்டில்தான். எனவே ஜேடைட்டில் மிங் காலத் தாமரையைத் தேட வேண்டாம். இரண்டுமே உளியால் வெட்டும் கற்கள் அல்ல; கடினமான மணலைத் தண்ணீரோடு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்தே உரு எடுத்தார்கள். ஒரு ஜேட் இதழின் ஓரம் கத்தியால் சீவியது போல இல்லாமல் வழிந்து இறங்குவது அதனால்தான்.

செதுக்கிய லேக்கர் வேறு வித்தை. ஒரு வகை மரத்தின் பாலை மெல்லிய பூச்சாகப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, பல பத்து அடுக்குகள், சிலவற்றில் நூறுக்கும் மேல், ஏற்றிய பிறகு அந்தக் கனத்தில் செதுக்குவார்கள். சிவப்புக்குச் சேர்ப்பது சாதிலிங்கம். மிங்குக்கு முந்திய யுவான் காலத்து (1271–1368) ஜாங் செங், யாங் மாவ் இருவரும் இதில் பேர்போனவர்கள். மிங் பேரரசர் யோங்லெ காலத்து (1403–1424) தட்டுகளில் பியோனியும் கமேலியாவும் தட்டு முழுதும் நிறைந்து, இடுக்குகளில் வெறும் மஞ்சள் தரை தெரியும். ஓரங்கள் உருண்டு மிருதுவாக இருக்கும். தாவோ மதத்தில் ஊறிய ஜியாஜிங் பேரரசர் காலத்தில் (1522–1566) சாகாவர ஆசை அலங்காரத்தையே ஆட்கொண்டது. பீச் மரத்தின் அடிமரமே முறுக்கிக்கொண்டு 'ஆயுள்' என்ற எழுத்தாக வளரும், கூடவே லிங்ஜி. சிங் பேரரசர் சியான்லோங் காலத்தில் (1736–1795) வெட்டு கூர்மையாகவும் நுணுக்கமாகவும் மாறியது. இந்த மூன்றையும் அருங்காட்சியகப் படங்களில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கண் பழகிவிடும்.

இந்திய வாசகர்களுக்கு இங்கே ஒரு நல்ல தடுமாற்றம் காத்திருக்கிறது. முகலாய ஜேட்டிலும் பூவும் இலையும்தான். சியான்லோங் அவற்றை 'ஹிந்துஸ்தான் ஜேட்' என்று விரும்பிச் சேர்த்தார், அவற்றின் மேல் கவிதை பொறிக்கச் செய்தார், சீனக் கைவினைஞர்களும் அந்தப் பாணியில் செய்தார்கள். வழி ஒருபக்கம் மட்டும் ஓடவில்லை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள ஷாஜகானின் வெள்ளை ஜேட் மதுக்கிண்ணம் (1657) சுரைக்காய் வடிவில் இருக்கிறது, அடியில் தாமரை, பிடியில் ஆட்டுத்தலை. தாளைப் போல மெல்லிய சுவரும் மடங்கிச் சுருளும் அகாந்தஸ் இலையும் தெரிந்தால் முதலில் முகலாயக் கையை நினையுங்கள். அதில் சீனச் சிலேடை தேடுவது வீண்.

தமிழர் கைபட்ட தாமரையும் சீனத்தில் உண்டு. துறைமுக நகரமான சுவான்ஜோவில் தமிழ் வணிகர்கள் எழுப்பிய சிவன் கோயிலின் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அந்த ஊரின் கைய்யுவான் பௌத்தக் கோயிலில் இந்துக் கடவுளர் உருவங்களும் பூ வேலைப்பாடும் கொண்ட தூண்கள் இன்றும் நிற்கின்றன. அந்தத் தூண்களைச் சீன வாழ்த்தாகப் படிக்கக் கூடாது, நம் கோயில் மரபிலேயே படிக்க வேண்டும்.

ஆறாம் படி: மிகையாகப் படிக்காதீர்கள்

சிலேடையின் ருசி பிடித்தவர்களுக்கு வரும் ஆபத்து, எல்லாவற்றிலும் சிலேடை காண்பது. ஓரத்தில் ஓடும் கொடிக்கோலம் பல சமயம் வெறும் கோலம்தான். முந்தின பட்டறை செய்ததைப் பார்த்து அடுத்த பட்டறை செய்த வழக்கம் அது.

தைபேயில் உள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தின் ஜேடைட் முட்டைக்கோஸ் இதற்குப் பொருத்தமான உதாரணம். உயரம் 18.7 சென்டிமீட்டர். ஒரே கல்லின் வெள்ளைப் பகுதி தண்டாகவும் பச்சைப் பகுதி இலையாகவும் அமைய, இலை நுனியில் ஒரு வெட்டுக்கிளியும் அதன் இனத்து இன்னொரு பூச்சியும். பெய்ஜிங் அரண்மனையில் குவாங்சு பேரரசரின் துணைவி ஜின் வாழ்ந்த யோங்ஹெ மாளிகையில் இருந்தது. அவர் சீதனமாகக் கொண்டுவந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். பச்சையும் வெள்ளையும் கறைபடாத குணத்தையும், ஏராளமாக இனம் பெருக்கும் பூச்சிகள் மக்கட்பேற்றையும் சொல்கின்றன என்பது வழக்கமான விளக்கம். இன்று சுற்றுலாக் கடைகளில் இதே முட்டைக்கோஸைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி விற்கிறார்கள். 'பாய்ச்சாய்' என்ற பெயர் 'நூறு செல்வம்' என்று ஒலிப்பதால். அது இன்றைய வாழ்த்து. அதை அரண்மனைப் பெண்ணின் கைப்பொருள் மேல் ஏற்றிப் படிக்க வேண்டியதில்லை. ஒரு சிலேடை ஓசையில் பொருந்துகிறது என்பது போதாது. அந்தப் பொருளின் சொந்தக்காரருக்கும் அது பொருந்த வேண்டும்.

ஏழாம் படி: வாங்கும் எண்ணம் இருந்தால்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தந்தமும் காண்டாமிருகக் கொம்பும் வேண்டவே வேண்டாம். தாமரை இலை வடிவக் கொம்புக் கிண்ணங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவற்றை அருங்காட்சியகத்தில் பார்ப்பதோடு நிறுத்துங்கள். இந்தியாவில் தந்த வணிகத்தை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது, சீனமும் 2017 முடிவில் உள்நாட்டுத் தந்த வணிகத்தை நிறுத்திவிட்டது. நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருளை இந்தியாவிலிருந்து தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது.

'சிவப்பு லேக்கர்' என்று விற்பதில் பெரும்பாலானவை பிசினை அச்சில் ஊற்றி எடுத்தவை. நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அச்சு வார்ப்பில் காற்றுக் குமிழித் துளைகளும் ஓரத்தில் இணைப்புக் கோடும் தெரியும், எல்லாப் பூவும் ஒரே ஆழத்தில் இருக்கும். உண்மையான செதுக்கலில் வெட்டின் சுவரில் அடுக்குகள் தெரியும், ஒரு இதழைப் போல இன்னொரு இதழ் இராது. ஜேட் என்று சொல்லி மிருதுவான செர்பன்டைன் கல்லையும் தருவார்கள். அடியில் பொறித்த பேரரசர் பெயரை மட்டும் நம்பாதீர்கள். பழைய அரசர் பெயரைப் பின்னால் வந்தவர்கள் பொறிப்பது சீனத்தில் நெடுநாள் வழக்கம். எல்லாமே ஏமாற்றும் எண்ணத்தில் செய்ததல்ல.

விற்பவர் சொல்லும் மங்கலக் கதைக்குத் தனியாக விலை கொடுக்காதீர்கள். வாழ்த்தை நீங்களே படிக்கத் தெரிந்துகொண்டால் வேலைப்பாட்டுக்கு மட்டும் விலை பேசலாம்.

எட்டாம் படி: கண்ணைப் பழக்கும் இடங்கள்

ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் முகலாய ஜேட்டும் சீனப் பொருட்களும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஐந்தாம் படியில் சொன்ன வேறுபாட்டைப் பழக அதைவிடப் பக்கத்தில் வேறு இடம் இல்லை. சிங்கப்பூரில் ஆசிய நாகரிக அருங்காட்சியகமும், மலாய் மண்ணில் வேரூன்றிய சீன வம்சாவளியினர் முதலான பெரானாக்கான் சமூகத்தினருக்காக ஆர்மேனியன் தெருவில் உள்ள பெரானாக்கான் அருங்காட்சியகமும் உள்ளன. பின்னதில் பொன் பூசிய கலியாணக் கட்டில்களில் ஃபீனிக்ஸ் பறவையும் பியோனியும் எத்தனை முறை வருகின்றன என்று பாருங்கள். பினாங்கு கூ கோங்சி குலமாளிகையில் தூண், உத்தரம், சுவர் எங்கும் கல்லும் மரமும் செதுக்கியவை. அங்கே தென்சீன மொழிகளின் சிலேடையை நினைவில் வைத்துப் படியுங்கள்.

ஊரை விட்டு நகர முடியாதவர்களுக்கு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் தன் சேகரிப்பின் பல்லாயிரம் படங்களை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. பழகும் விதம் இது: ஒரு பொருளின் படத்தை மட்டும் திறங்கள், பக்கத்து விளக்கத்தைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். என்ன பொருள், யாருக்கு, என்ன செடி, பக்கத்தில் என்ன என்று நான்கு வரி எழுதுங்கள். கடைசியாக ஒரே வாக்கியத்தில் வாழ்த்தை எழுதுங்கள். பிறகு விளக்கத்தைப் பாருங்கள். முதலில் தூரிகைக் குவளைகளை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. செடிகள் குறைவு, வெட்டு தெளிவு. அடுத்து ஜேட் பதக்கங்கள். லேக்கர் தட்டுகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரே தட்டில் நான்கைந்து பூக்கள் பின்னிக்கிடக்கும். அவற்றில் எது வாழ்த்து, எது நிரப்பு என்று பிரிக்க மற்ற இரண்டிலும் பழகிய கண் வேண்டும்.